மூணாவது பேஸ் யாருடையது?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். சாஃப்ட்பால் (பேஸ்பாலின் தம்பி மாதிரி; அடித்தவர் பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஹோமுக்குத் திரும்ப வேண்டும்) அம்பயர் தேர்வு முடித்து 2 வருடம் ஆகிறது. போன ஞாயிறு காலை ஒரு பெண்கள் ஆட்டத்தில் அவர் பேஸ் அம்பயர், அதாவது பேஸ்களைப் பார்ப்பவர். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டில் அம்பயராக நின்றவர் 50 வயதைத் தாண்டிய சீனியர். ஒரு அவுட், முதல் பேஸில் ஒரு ரன்னர். பேட்டர் ரைட் ஃபீல்டுக்கு அடித்தார். ரன்னர் இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு நிற்காமல் மூன்றாவதுக்கு ஓடினார். பந்தும் அங்கே வந்தது. டீச்சரும் பின்னாலேயே ஓடிப்போய், டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) போட்ட வேகத்தில் பந்து கிளவ்வை விட்டு நழுவியதைப் பார்த்து, ‘சேஃப்’ என்று கையை விரித்தார். ஹோம் பக்கத்திலிருந்து வந்த சீனியர் அதே நேரத்தில் ‘அவுட்’ என்று முஷ்டியை உயர்த்தினார். ரன்னர் காதில் விழுந்தது சீனியர் குரல்தான். பேஸை விட்டு இறங்கி டக்-அவுட் (டீம் உட்காரும் இடம்) பக்கம் நடந்தார். மூன்றாவது பேஸ்காரப் பெண் கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு டேக் போட்டார். இரண்டு கோச்சும் உள்ளே வந்துவிட்டார்கள். சீனியர் எல்லார் முன்னாலும், “மூணாவது பேஸ் என்னோடதும்மா, நீ ஏன் அங்க வந்தே?” என்று கேட்டாராம். அவுட் அவுட்டாகவே நின்றது. அது போதாதென்று, பேட்டர் முதல் பேஸைத் தொடவே இல்லை என்று ஃபீல்டிங் டீம் அப்பீல் செய்ய, டீச்சர் ‘சேஃப்’ சொல்லிவிட்டார். உண்மையில் அதை அவர் பார்க்கவில்லை. அது பொய்யா என்றும் கேட்கிறார்.

அது போக மூன்று கேள்வி: மூணாவது பேஸ் யாருடையது? அவர் அப்படிப் பேசியது சரியா? அடுத்த ஞாயிறும் அதே சாரோடு போட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த பிளேயில் மூணாவது பேஸ் அவருடையதுதான்.

இரண்டு அம்பயர் முறையில் பரவலாகச் சொல்லிக்கொடுப்பது இப்படி. முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருந்தால் நீங்கள் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில், ஓடுபாதைக்கு வெளியே நிற்கிறீர்கள். பந்து பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டிலேயே கிடந்தால் வெளியிலேயே இருந்து பார்க்கலாம். அதைத் தாண்டி அவுட்ஃபீல்டுக்குப் போய்விட்டால் டைமண்டுக்குள், அதாவது பேஸ்களுக்கு நடுவில், இறங்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பந்து, பேஸ், ரன்னர் மூன்றும் உங்கள் கண் முன்னால் இருக்கும். உள்ளே இறங்கியதும் உங்கள் வேலை பேட்டர் முதல் பேஸைத் தொட்டாரா, ரன்னர் இரண்டாவதைத் தொட்டாரா என்று பார்ப்பது. முன்னால் ஓடுகிறவர் மூன்றாவதுக்குக் கிளம்பினால் அவரை பிளேட் அம்பயரிடம் விட்டுவிட வேண்டும். பிளேட் அம்பயர் பந்து அடிபட்டவுடன் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஹோமுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கோட்டுக்கு வெளியில் வந்து காத்திருப்பார். ரன்னர் வந்தால் மேலே ஏறி மூன்றாவதில் தீர்ப்பு சொல்வார். த்ரோ எகிறி ரன்னர் ஹோமுக்கு ஓடினால் அவரும் ஹோமுக்குத் திரும்ப ஓடுவார். யாருமே பேஸில் இல்லாமல் பேட்டர் ஒரே மூச்சில் மூன்று பேஸ் ஓடினால்தான் அவரோடு மூன்றாவது வரை போவது பேஸ் அம்பயர் வேலை. உங்கள் ஆட்டத்தில் நிலைமை அதுவல்ல.

இதை யாரோ சும்மா வகுத்து வைக்கவில்லை. பேஸ்பாலில் பேஸுக்கு பேஸ் 90 அடி. நமக்கு 60 அடிதான், 18.29 மீட்டர். கால் உள்ள பெண் ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு 3 விநாடியை ஒட்டி வந்துவிடுவாள். பெரிய சர்வதேச ஆட்டங்களில் பேஸுக்கு ஒருவராக 4 அம்பயர் நிற்பார்கள். நம்மூர் ஆட்டத்தில் 2 பேர். அந்த 2 பேரும் ஒரே ரன்னர் பின்னால் ஓடினால் மற்ற ரன்னர்கள் அநாதை. நீங்கள் மூன்றாவதுக்கு ஓடிய அந்த 3 விநாடியில்தான் உங்கள் பேட்டர் முதல் பேஸைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். தொட்டாரோ தாண்டினாரோ, அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது பேஸில் நடந்த சத்தத்தை விட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. கோச்சுகள் உள்ளே வந்து கத்தியதால் அது எல்லார் கண்ணிலும் பட்டது, இது படவில்லை, அவ்வளவுதான்.

இனி சீனியர் பக்கம். மூணாவது பேஸ் அவருடையது என்றால், அங்கே இருக்க வேண்டியதும் அவருடைய வேலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ரன்னர் இரண்டாவதைச் சுற்றும்போது அவர் இன்னும் பிளேட் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். பார்ட்னர் வரவில்லை என்று நினைத்துத்தானே ஓடினீர்கள்? பிளேட்டை விட்டுக் கிளம்பும்போதே “மூணு என்னுது!” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நீங்கள் பாதியில் நின்றிருப்பீர்கள். உலகத்தில் எங்கே அம்பயரிங் வகுப்பு எடுத்தாலும் இந்தக் குரலைச் சொல்லித் தராமல் விடமாட்டார்கள். நம்மூரில் வகுப்பில் கத்துவோம், மைதானத்தில் வெட்கப்படுவோம்.

நீங்களும் குரல் கொடுத்திருக்கலாம். “சார், நான் மூணுக்குப் போறேன்!” என்று கத்திவிட்டு ஓடியிருந்தால் அது முறைப்படி தவறான ஓட்டமாகவே இருந்தாலும் இரண்டு தீர்ப்பு வந்திருக்காது.

இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததில்தான் உண்மையான தவறு இருக்கிறது. விதிப்புத்தகம் சொல்வது ஏறக்குறைய இதுதான்: ஒரு அம்பயர் தன் எல்லைக்குள் சொன்ன தீர்ப்பை இன்னொரு அம்பயர் மாற்றவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. ஆனால் எந்த அம்பயரும் எப்போது வேண்டுமானாலும் பார்ட்னரைக் கலந்துகொள்ளலாம். கலந்த பிறகும் கடைசி வார்த்தை, அந்தத் தீர்ப்பு யாருடையதோ அவருடையது. ஆக உங்கள் சார் செய்திருக்க வேண்டியது எளிது. பிளே ஓய்ந்ததும் ‘டைம்’ சொல்லி, கோச்சுகளை அவரவர் இடத்துக்கு அனுப்பி, உங்களைப் பிட்ச்சர் வட்டத்துக்குப் பக்கம் தனியாக அழைத்து, முதுகை டக்-அவுட்டுக்குக் காட்டிக்கொண்டு, “என்ன பார்த்தே?” என்று கேட்பது. நீங்கள் “பந்து நழுவிடுச்சு சார், கிளவ் உங்க பக்கம் மறைச்சிடுச்சு” என்று சொல்லியிருப்பீர்கள். 20 விநாடி வேலை. பிறகு அவரே திரும்பி ‘சேஃப்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் பேஸ், அவர் குரல், சரியான தீர்ப்பு.

அந்த இரண்டாவது டேக்? அது செல்லாது. அம்பயர் ‘அவுட்’ என்று சொன்னதை நம்பித்தான் ரன்னர் பேஸை விட்டு இறங்கினார். அம்பயர் தீர்ப்பு மாறுவதால் பேட்டரோ ரன்னரோ மாட்டிக்கொண்டால் அதைச் சரிசெய்யும் அதிகாரத்தை விதியே அம்பயருக்குக் கொடுக்கிறது. ரன்னரைக் கூப்பிட்டு மூன்றாவது பேஸில் நிற்க வைத்திருக்க வேண்டும். ஃபீல்டிங் கோச் குதித்திருப்பார். குதிக்கட்டும், அது அவர் வேலை.

பேஸ் அவருடையது, ஆனால் நீங்கள் பார்த்ததுதான் சரி. இரண்டும் ஒரே பிளேயில் உண்மையாக இருக்க முடியும். இதை ஏற்றுக்கொள்ள முடியாமல்தான் பாதி சண்டை நடக்கிறது. “யார் பேஸ்?” என்று கேட்டால் “என் கண்ணால பார்த்தேன்” என்று பதில் வரும். “என்ன பார்த்தே?” என்று கேட்டால் “என் பேஸ்” என்று பதில் வரும்.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 20 வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. புறநகர் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மைதானம். ரயில் போகும்போது நாம் சொல்வது நமக்கே கேட்காது. நான் பிளேட். பேஸில் என்னை விட 15 வயது மூத்தவர், எனக்கு அம்பயரிங் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பவர்) எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார், த்ரோ கொஞ்சம் ஹோம் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. முதல் பேஸ்காரர் எட்டிப் பிடித்தார். நடுவில் நின்ற மாஸ்டருக்குப் பந்து கிளவ்வில் விழுந்தது தெரிந்தது, ‘அவுட்’ கொடுத்தார். கோட்டோரமாக வந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பையனின் ஷூவுக்கும் பேஸுக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. யோசிக்கவே இல்லை. “சேஃப்! கால் பேஸ்ல இல்ல!” என்று அங்கிருந்தே கத்திவிட்டேன்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினார். கையிலிருந்த, எண்ணிக்கை வைக்கும் கிளிக்கரைச் சட்டைப் பையில் போட்டார். நேராக நடந்து போய் வேலியோரம் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் நின்றுபோனது. ஸ்கோரர் என்னைப் பார்க்கிறார், நான் மாஸ்டரைப் பார்க்கிறேன், இரண்டு டீமும் எங்கள் இருவரையும் பார்க்கிறது. கடைசியில் நடத்துகிறவர் ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்து, கெஞ்சிக் கூட்டி வந்தார். மீதி ஆட்டம் முழுக்க மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்து, நான் ஷின் கார்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். “தீர்ப்பு சரிதாண்டா தம்பி. ஆனா அது என் வாயிலேர்ந்து வந்திருக்கணும்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கம்: பார்ட்னருக்குத் தகவல் கொடுப்பேன், தீர்ப்பு கொடுக்க மாட்டேன். பந்து கீழே விழுந்தது, கால் பேஸில் இல்லை, டேக் படவே இல்லை, பந்து வேலியைத் தாண்டிவிட்டது, இவையெல்லாம் தகவல். பார்ட்னர் நின்ற கோணத்தில் தெரிந்திருக்காது, எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும் என்றால் பிளே முடிந்ததும் அருகில் போய்க் காதோடு சொல்வேன். “கால் முன்னாடி எடுத்துட்டான் மாதிரி இருந்துச்சு, பாருங்க.” அவர் எடுத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆனால் ரன்னர் முந்தியா பந்து முந்தியா என்பது தகவல் அல்ல. அரைக்கால் விநாடி வித்தியாசத்தை 60 அடி தள்ளி நின்ற நான் அவருக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். கேட்காமல் வாயே திறக்கக்கூடாது என்ற பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அவர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். தெரிந்தே தவறான தீர்ப்பை ஓடவிட்டால் அதைப் பார்ட்னர் மேல் வைத்த மரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது, அதனால் அங்கிருந்து ஒன்று. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ‘டை’ ஆனது. கடைசி ஓவரின் 5வது பந்து, கிரெக் மேத்யூஸ் போட, மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. விரலை உயர்த்தியவர் விக்ரம் ராஜு. பேட்டில் பட்டதா இல்லையா என்று இன்றைக்கும் வாதம் ஓடுகிறது. ஆனால் எதிர்முனை அம்பயரான டோட்டிவாலாவை யாரும் “நீங்க ஏன் மாத்தல?” என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்.பி.டபிள்யூ. பந்து வீசும் முனை அம்பயருடையது, ஸ்டம்பிங் ஸ்கொயர் லெக் அம்பயருடையது என்பது மாம்பலத்துத் தெருவில் ரப்பர் பந்து ஆடும் பையனுக்கும் தெரியும். கிரிக்கெட்டில் இரண்டு அம்பயரும் நிற்கும் இடம் ஏறக்குறைய நிலையானது. சாஃப்ட்பாலில் ஒவ்வொரு பிட்ச்சுக்கும் ரன்னர் எங்கே என்பதைப் பொறுத்து உங்கள் இடம் மாறுகிறது, இடம் மாறினால் பொறுப்பும் மாறுகிறது. இரண்டாவது பேஸில் ரன்னர் வந்துவிட்டால் நீங்கள் ஷார்ட்ஸ்டாப் பக்கம் போகிறீர்கள். அங்கிருந்து முதல் பேஸ் தூரம், அங்கே நடப்பதற்கு பார்ட்னர் கண் அதிகம் தேவை. இத்தனை மாற்றத்தையும் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் மனதுக்குள் ஒரே மாதிரி வைத்திருப்பார்கள் என்று நம்புவதே கொஞ்சம் அதிகம்.

சரி, ஏன் பேசிக்கொள்வதில்லை? அமெரிக்க வீடியோக்களில் ஆட்டத்துக்கு முன் இரண்டு அம்பயரும் 10 நிமிடம் உட்கார்ந்து யார் எதைப் பார்ப்பது என்று வரிசையாகப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் அது ஏன் நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 26 வயசுப் பெண் 50 வயசு சாரிடம் போய் “சார், ரன்னர் முதல்ல இருந்தா மூணாவது உங்களோடது” என்று சொன்னால் அது பாடம் எடுக்கிற மாதிரி ஆகிவிடும். அவருக்கும் கஷ்டம். அவர் வாயைத் திறந்து சொன்னால், “எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறாரா” என்று ஜூனியர் முகம் சுருங்கும். ஆகவே இருவரும் வணக்கம் சொல்லி, லைன்-அப் தாளை வாங்கி, வெயிலைத் திட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். உங்கள் சண்டை மூணாவது பேஸில் ஆரம்பிக்கவில்லை. இங்கேதான் ஆரம்பித்தது.

இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: சொல்லாதீர்கள், கேளுங்கள். “சார், முதல்ல ரன்னர் இருக்கறப்ப ரைட்ல அடிச்சா உங்க வழக்கம் எப்படி? மூணுக்கு வருவீங்களா, நான் பார்த்துக்கட்டுமா?” இதில் பாடம் இல்லை, பணிவு இருக்கிறது. அதோடு ஒரு கொக்கியும் இருக்கிறது. “நான் வந்துடுவேன்மா” என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் வந்தே ஆக வேண்டும், சொன்ன வார்த்தை அவரைக் கட்டிவிடும். “முட்டி சரியில்ல, நீ பார்த்துக்கோ” என்றாலும் நல்லதுதான். விதிப்புத்தகம் வேறு, நிற்கும் முறையைச் சொல்லும் கையேடு வேறு. யார் எங்கே ஓடுவது என்பது கையேட்டு விஷயம். இரண்டு அம்பயர் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொண்டால் வானம் இடிந்து விழாது. மூணாவது உங்களுக்கு என்றால், பேட்டர் முதல் பேஸைத் தொடுவதைப் பிளேட்டிலிருந்து அவர் பார்த்தாக வேண்டும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முட்டி வலியை நான் குறையாகச் சொல்லவில்லை. மே மாத வெயிலில் மாஸ்க், செஸ்ட் கார்ட், ஷின் கார்டோடு 7 இன்னிங்ஸ் குந்தி எழுந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். வலியை மறைத்துக்கொண்டு “என் பேஸ்” என்பதைத்தான் குறை சொல்கிறேன்.

நான் இப்போதெல்லாம் பார்ட்னரைக் காலை 6:30க்கே மைதானத்துக்கு எதிர் டீக்கடைக்கு வரச் சொல்லிவிடுவேன். காலியான டீ கிளாஸ் மூன்றைப் பெஞ்சில் பேஸாக வைப்பேன், பிஸ்கெட் பாக்கெட்தான் ஹோம். வேர்க்கடலை ரன்னர். “இவன் இங்க, பந்து அங்க. நீ எங்க?” பேச்சாகச் சொன்னால் ரோஷம் வரும் ஆட்கள்கூட டீ கிளாஸ் என்றால் குனிந்து பார்ப்பார்கள், நம் கிளாஸைத் தள்ளிவைத்துத் திருத்துவார்கள். திருத்தட்டும், அதற்குத்தானே வைத்தது.

மூன்றாவது பேஸ் தவிர வேறு எதைக் கேட்டு வைத்துக்கொள்வது? என் அனுபவத்தில் சண்டை வரும் இடங்கள் சிலதான். முதலில் இன்ஃபீல்டு ஃபிளை. 2 அவுட் ஆகாமல், முதலிலும் இரண்டாவதிலும் ரன்னர், அல்லது மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது, இன்ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயரமான ஃபேர் (கோட்டுக்கு உள்ளே இருக்கும்) பந்து என்றால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். இதை இரண்டு அம்பயரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதனாலேயே இருவரும் மற்றவர் சொல்வார் என்று காத்திருப்போம். சென்னையில் இன்னொரு சிக்கல் கடல் காற்று. காலை ஆட்டத்தில் பிட்ச்சர் தலைக்கு மேல் நேராக இறங்கும் பந்து, மதியம் 1 மணிக்கு மேல் காற்று திரும்பியதும் மேற்கே பத்தடி தள்ளிக்கொண்டு போகும். ‘சாதாரண முயற்சி’ என்பது காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஆகவே பிட்ச்சுக்கு முன்னால் கண்ணோடு கண் பார்த்து ஜாடை கொடுத்துக்கொள்ளுங்கள். பலர் நெஞ்சில் கை வைப்பார்கள், சிலர் தொப்பியைத் தொடுவார்கள், எது என்பதை டீக்கடையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் சொன்னால் மற்றவர் உடனே அதே சத்தத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நான் அப்படி நினைக்கலையே’ என்ற முகத்தோடு ஒருவர் நின்றால் ரன்னர் செத்தார்.

அடுத்தது அவுட்ஃபீல்டு கேட்ச். பேஸில் யாரும் இல்லாதபோது ரைட் ஃபீல்டு கோட்டோரம் தரையைத் தடவிப் பிடிக்கிற பந்து என்றால் பேஸ் அம்பயர் வெளியே ஓடிப் பார்ப்பார். ஓடினால் குரல் கொடுங்கள். ஓடிய பிறகு பாதியில் திரும்பி வராதீர்கள். பேட்டர் எத்தனை பேஸ் ஓடினாலும் அன்றைக்கு அவர் பிளேட் அம்பயரின் சொத்து. முதல் பேஸ் கோட்டில் பந்து ஃபேரா ஃபவுலா என்பது பேஸைத் தாண்டிய பிறகு யாருடையது என்பதில் கையேட்டுக்குக் கையேடு வித்தியாசம் வரும். அதனால் அதை விட்டுவிடாமல் கேட்டு வையுங்கள். நம் மைதானங்களில் 3வது இன்னிங்ஸுக்குள் சுண்ணாம்புக் கோடு காலில் ஒட்டிக்கொண்டு போய்விடும், அதற்குப் பிறகு கோடு இருந்த இடம் இரண்டு அம்பயர் மனதிலும் இரண்டாக இருக்கும்.

செக் ஸ்விங்கில் (பேட்டர் பாதியில் நிறுத்திய வீச்சு) பிளேட் அம்பயர் கேட்டால்தான் பேஸ் அம்பயர் சொல்ல வேண்டும், கேட்காமல் கையை உயர்த்தினால் அது உதவி அல்ல. பிட்ச்சர் கையை விட்டுப் பந்து போவதற்கு முன் ரன்னர் பேஸை விட்டாரா என்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும். அதைச் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். சட்டவிரோதப் பிட்ச் இரண்டு பேருமே சொல்லலாம். சில சீனியர்களுக்குப் பேஸ் அம்பயர் அதைச் சொன்னால் தன் பேச்சைத் தட்டிப் பறித்த மாதிரி இருக்கும். அவர் எந்த ரகம் என்று முன்பே தெரிந்துகொண்டால் உங்களுக்கு அதிர்ச்சி இருக்காது.

த்ரோ வெளியே போய்விட்டால் ரன்னர்களுக்கு 2 பேஸ், கணக்கு த்ரோ கையை விட்ட நேரத்தில் அவர்கள் இருந்த இடத்திலிருந்து. இந்தக் கணக்கை இருவரும் தனித்தனியாக அறிவித்துவிட்டால் அது உங்கள் மூணாவது பேஸ் சண்டையை விட மோசமாகப் போகும். முதலில் சேர்ந்து பேசுங்கள், பிறகு ஒருவர் மட்டும் சொல்லுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: யூடியூபில் பார்க்கும் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குத் தனித்தனி விதிப்புத்தகம் உண்டு. அங்கே பார்த்ததை வைத்து இங்கே சீனியரிடம் வாதாடித் தோற்றவர்கள் நிறைய. அவரிடம் இருக்கும் பழைய புத்தகமும் மாறியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

எல்லார் முன்னாலும் அவர் அப்படிப் பேசியது தப்பு. சந்தேகமே வேண்டாம். பேஸ் அவருடையதாக இருந்தாலும் தப்பு. அம்பயர் அம்பயரைத் திட்டுவதை ஒரு கோச் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் ஒவ்வொரு தீர்ப்புக்கும் அவர் பிளேட்டைப் பார்த்துத்தான் முறையிடுவார். “சார், அந்தம்மா தப்பா சொல்றாங்க, நீங்க சொல்லுங்க” என்று. உங்கள் ஆட்டத்தில் 5வது இன்னிங்ஸிலிருந்து அதுதான் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விலையை அவரும் கொடுத்திருக்கிறார், முறையீடு எல்லாம் அவர் தலையில்தானே விழுந்தது. அடுத்த முறை யாராவது அப்படி ஆரம்பித்தால் “சார், தனியா பேசிக்கலாம்” என்ற மூன்று வார்த்தையோடு பிட்ச்சர் வட்டத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுங்கள். அவர் பின்னால் வந்துதான் ஆக வேண்டும், நடுமைதானத்தில் தனியாக நின்று யாரிடம் பேசுவார்?

அம்பயர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே பதில் வராது, கட்டைவிரல் படம்தான் வரும். அதை யார் யார் போட்டார்கள் என்று 3 வருடம் நினைவு வைத்திருப்பார்கள். நடத்துகிறவர்களிடம் புகார் சொல்வது உங்கள் உரிமை. ஆனால் ஒரு ஞாயிறு அவகாசம் கொடுத்துப் பாருங்கள் என்பேன். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. ஆட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது, “சாப்டியாம்மா?” என்று கேட்டாராம். நம்ம ஊர் ஆண்களுக்கு, அதுவும் அந்த வயசு மாஸ்டர்களுக்கு, ‘மன்னிச்சுக்கோ’ என்ற சொல் வாயில் வராது. சாப்பாட்டைத்தான் கேட்பார்கள். அதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பேச்சை ஆரம்பிக்க ஒரு கதவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த முதல் பேஸ் அப்பீல். பார்க்காமலே ‘சேஃப்’ சொல்லிவிட்டேன், அது பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அப்பீலில் ‘அவுட்’ சொல்ல வேண்டுமானால் பேஸைத் தொடவில்லை என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் ‘சேஃப்’தான், வேறு வழியில்லை. ஆனால் சொல்வதற்கு முன் சாரிடம் போய், “நீங்க பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அதோடு தெரிந்திருக்கும்.